வீடியோவைப் பார்த்து சீட்டை விட்டுவிடாதீர்கள், பாய்

பாய், பாப்பாவை ஜெர்மனிக்குப் படிக்க அனுப்பலாமா, சீட்டை விட்டுவிடலாமா என்று கேட்டு நீங்கள் அனுப்பிய வீடியோவைப் பார்த்தேன். பேசுகிறவர் ஆலிஸ் வைடல், வெளிநாட்டவர் குடியேறுவதை எதிர்க்கும் ஏ.எஃப்.டி. என்ற ஜெர்மன் வலதுசாரிக் கட்சியின் தலைவர்களில் ஒருவர். புர்கா, முக்காடு போட்ட பெண்கள், அரசு உதவியில் வாழும் கத்திக்காரர்கள் என்று ஒரே மூச்சில் அடுக்கி, இவர்களால் நாட்டின் வளம் நிலைக்காது என்கிறார். 2018 மே மாதம் ஜெர்மன் நாடாளுமன்றத்தில் பேசியது. அன்றே சபாநாயகர் கண்டித்தார்.

பழைய வீடியோதானே என்று உங்களைத் தேற்ற மாட்டேன். இஸ்லாம் ஜெர்மனியைச் சேர்ந்ததல்ல என்று 2016-லேயே கொள்கை அறிக்கையில் எழுதிய கட்சி அது. 2025 பிப்ரவரித் தேர்தலில் 20.8 சதவீதம் வாங்கி இரண்டாவது இடத்துக்கு வந்துவிட்டது. முக்காடு போடும் மகளை அனுப்பும் தகப்பனுக்கு வயிறு கலங்கத்தான் செய்யும்.

ஆனால் விசாவைப் பாதியில் பறித்துவிடுவார்களோ என்ற பயம் வேறு, தெருவில் என்ன நடக்குமோ என்ற பயம் வேறு. விசா விதி மேடைப் பேச்சில் மாறாது, பெர்லினில் சட்டம் மாற வேண்டும். இப்போதைய சட்டப்படி படிக்கும்போது வருஷத்துக்கு 140 முழு நாள் வேலை பார்க்கலாம், முடித்தபின் வேலை தேட 18 மாதம் தங்கலாம்.

தெருதான் எனக்கும் யோசனை. பாப்பாவுக்கு இல்மெனாவ், டூயிஸ்பர்க்-எஸ்ஸன் என்று இரண்டு பல்கலைக்கழகங்களில் இடம் கிடைத்திருக்கிறது. இல்மெனாவ் இன்ஜினியரிங்குக்கு நல்ல இடம், ஆனால் சின்ன ஊர். அது இருக்கும் துரிங்கியா மாநிலத்தில் 2024-இல் ஏ.எஃப்.டி. 32.8 சதவீதத்தோடு முதலில் வந்தது. மற்ற கட்சிகள் கைகோக்க மறுத்ததால்தான் ஆட்சி கிடைக்கவில்லை. அங்கே கட்சிக்குத் தலைவர் பியோர்ன் ஹோக்கே. நாஜிப் படையின் கோஷத்தைச் சொன்னதற்காகக் கோர்ட்டில் அபராதம் வாங்கியவர்.

டூயிஸ்பர்க்கில் நிலக்கரி, இரும்பு வேலைக்கு வந்த துருக்கிக் குடும்பங்கள் மூன்று தலைமுறையாக இருக்கின்றன. மார்க்ஸ்லோ பகுதியில் 2008-இல் திறந்த பெரிய பள்ளிவாசல் உண்டு, ஹலால் கறிக்கடை உண்டு. அங்கேயும் அந்தக் கட்சிக்கு ஓட்டு விழத்தான் செய்கிறது. ஆனால் முக்காடு அந்தத் தெருவுக்குப் புதிதல்ல. பையனாக இருந்தால் இல்மெனாவ் என்றிருப்பேன், பாப்பாவுக்கு டூயிஸ்பர்க்.

எந்த ஊரானாலும் பிளாக்டு அக்கவுன்ட்டில், அதாவது செலவுக்கு மாதாமாதம் கொஞ்சமாக மட்டும் எடுக்க முடிகிற வங்கிக் கணக்கில், வருஷத்துக்கு 11,904 யூரோ போட வேண்டும், அதில் பேரம் இல்லை.

அப்புறம், அங்கே முக்காட்டோடு படிக்கும் சீனியர் பெண் ஒருத்தியிடம் பாப்பாவைப் பேசச் சொல்லுங்கள். ராத்திரி எட்டு மணிக்கு லேபிலிருந்து பஸ்ஸில் ரூமுக்கு வருவது எப்படி இருக்கிறது என்று கேட்கட்டும். நீங்கள் பக்கத்தில் உட்கார வேண்டாம். வாப்பா கேட்கிறார் என்றால் பிள்ளைகள் பாதியை விழுங்கிவிடுவார்கள்.