பாக்கி யாருடையது?

அன்புள்ள ஐயா,

என் தாத்தா சிங்கப்பூரில் தஞ்சோங் பகார் துறைமுகத்தில் மூட்டை தூக்கினார். அப்பா தினக்கூலி, சேம நிதி (சம்பளத்தில் பிடித்து, முதலாளியும் சேர்த்துப் போடும் கட்டாயச் சேமிப்பு) கிடையாது. நான் 12 மணி நேரம் பாதுகாவலர் வேலை பார்க்கிறேன். உட்லண்ட்ஸில் ஈரறை வாடகை வீடு. மின்கட்டணப் பாக்கி நிற்கிறது. ஐடிஇ என்ற தொழிற்கல்விக் கழகத்தில் படிப்பை முடிக்கப்போகும் மகன், "படித்தது போதும்ப்பா, சாப்பாட்டு டெலிவரிக்குப் போய் நான் பாக்கியைக் கட்டுகிறேன்" என்கிறான். மூன்று தலைமுறையாக உழைக்கிறோம். எங்களிடம் என்ன குறை?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் உழைப்பில் குறையே இல்லை. வாங்கிய கூலியில் எதுவும் அடுத்த தலைமுறைக்கு மிஞ்சவில்லை, அவ்வளவுதான். 1968 முதல் சேம நிதிப் பணத்தில் வீவக (அரசாங்க வீடமைப்புக் கழகம்) வீடு வாங்க முடிந்தது. மாதச் சம்பளக்காரர்கள் பலருக்கு அது பிள்ளைகளுக்கு விட்டுப்போகும் சொத்தானது. சேம நிதியே இல்லாத உங்கள் அப்பாவுக்கு அந்தக் கதவு திறக்கவில்லை. எத்தனை வருடம் வாடகை கட்டினாலும் அந்த வீடு நம்முடையதாகாதே.

என் அண்ணனும் உங்கள் மகனைப் போலத்தான். உயர்நிலை இரண்டோடு நின்று கப்பல் பட்டறைக்குப் போனார். அந்தச் சம்பளத்தில்தான் நான் படித்தேன். அவர் இன்னும் வாடகை வீட்டில்தான் இருக்கிறார். அன்று வீட்டில் துண்டு விழுந்தது மாதம் சில நூறு வெள்ளி. அதை வேறு இடத்தில் கேட்கலாம் என்று அப்பாவுக்குச் சொல்ல ஆளில்லை. இதை எழுதும்போதும் நெஞ்சு கனக்கிறது.

அதனால் சொல்கிறேன்: பாக்கி உங்களுடையது, மகனுடையது அல்ல. மின்கட்டணச் சீட்டை எடுத்துக்கொண்டு பக்கத்துச் சமூகச் சேவை அலுவலகத்துக்குப் போங்கள். பிள்ளைகளோடு அரசாங்க வாடகை வீட்டில் இருக்கும் வசதி குறைந்த குடும்பங்களுக்காகவே காம்லிங்க் பிளஸ் திட்டம் இருக்கிறது, அதைப் பற்றிக் கேளுங்கள். கடனை அடைப்பதற்கும் அதில் வழி உண்டு.

மகனிடம் இந்தக் கணக்கைச் சொல்லுங்கள். ஐடிஇ முடித்த, 30 வயதைத் தாண்டாத சிங்கப்பூரர் டிப்ளோமாவில் சேர்ந்தால் அரசாங்கம் 5,000 வெள்ளியை மேற்படிப்புச் செலவுக்கான அவர் கல்விக் கணக்கில் போடுகிறது. முடித்தால் 10,000 வெள்ளி சேம நிதிச் சாதாரணக் கணக்குக்கு வரும். வீடு வாங்க எடுக்கும் அதே கணக்கு. உங்கள் அப்பாவிடம் இல்லாதது.

டெலிவரி வேலையை நான் தாழ்த்தவில்லை. 2025 முதல் உங்கள் மகன் வயதுக்காரர்களுக்கு அதிலும் சேம நிதி கட்டாயம். சனி, ஞாயிறு ஓட்டட்டும். வரும் காசு அவன் கைச்செலவுக்கு இருக்கட்டும், பாக்கிக்கு வேண்டாம்.

அலுவலகத்துக்குத் தனியாகப் போகக் கூச்சமாக இருந்தால் எழுதுங்கள். நான் கூட வருகிறேன்.