பழைய தரையை முழுக்கப் பெயர்க்க வேண்டாம்
பார்சிலோனாவின் எய்ஷாம்ப்ளா பகுதியில் நூறாண்டு தாண்டிய ஃபிளாட், ஓவிய நண்பர் வரைந்து தந்த மொசைக் தரை, பழைய பூக்கல்லையெல்லாம் பெயர்க்கச் சொல்லும் மேஸ்திரி என்று எழுதியிருந்தீர்கள். தயவுசெய்து அவசரப்படாதீர்கள்.

அங்கே அந்தக் காலத்தில் பதித்தது பெரும்பாலும் சிமென்ட் பூக்கல். நம் ஆத்தங்குடிக் கல் மாதிரியே இதுவும் சூளையில் சுடாதது. நிறம் மேலே சில மில்லிமீட்டர்தான். ஆசிட் பட்டால் போச்சு! ஒவ்வொன்றையும் நாணயத்தால் தட்டிப் பாருங்கள். பொள்ளென்று கேட்பதை மட்டும் எடுத்து, அடியைச் சுரண்டி, சுண்ணாம்புக் கலவையில் திரும்பப் பதிக்கலாம்.

புது மொசைக்கை, பழைய கல் நொறுங்கிப்போன அறையில் வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு முன் நண்பரை, கட்டடக் கலைஞர் கௌடி அதே ஊரில் கட்டிய காசா மிலாவுக்கு அழைத்துப் போங்கள். அவர் தன் இன்னொரு கட்டடமான காசா பாத்லோவுக்காக வரைந்த அறுகோணக் கல் கடைசியில் அங்கேதான் தரையானது. எல்லாம் ஒரே அச்சு. ஏழு கல் சேர்ந்தால்தான் கடல் உருவங்கள் முழுசாகத் தெரியும். ஒன்று உடைந்தால் அதே அச்சில் இன்னொன்று வார்க்கலாம். எவ்வளவு அழகான யோசனை!

புதுக் கல்லின் கனம் பழசோடு ஒத்துப்போகட்டும், இல்லையென்றால் கதவு இடிக்கும். கட்டடம் பாரம்பரியப் பட்டியலில் இருக்கிறதா என்று மாநகராட்சியில் கேட்டபிறகே வேலையைத் தொடங்குங்கள்.