கையெழுத்துப் போட்டாலே இறையாண்மை போய்விடுமா?

ஒப்பந்தத்தில் கையெழுத்திட்ட அன்றே நாட்டின் இறையாண்மை பறிபோகிறது என்று விவாதப் போட்டியில் எதிரணி சொன்னால் என்ன பதில் சொல்வது என்று கேட்டிருக்கிறீர்கள்.

முதலில் 'கையெழுத்து' என்பதையே பிடியுங்கள். பெரும்பாலான பலதரப்பு ஒப்பந்தங்களுக்கு அது போதாது, பிறகு முறையான ஒப்புதலும் தர வேண்டும். சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றத்துக்கான ரோம் சாசனத்தில் அமெரிக்கா 2000இல் கையெழுத்திட்டது. ஒப்புதல் தராமலே, 2002இல் 'சேரும் எண்ணமில்லை' என்று ஐ.நா.வுக்கு எழுதிவிட்டது.

உங்கள் பெரிய ஆயுதம் விம்பிள்டன் வழக்கு (டென்னிஸ் இல்லை, அது ஒரு கப்பலின் பெயர்!). போலந்துக்குப் போர்த்தளவாடங்கள் ஏற்றி வந்த அந்தக் கப்பலை 1921இல் ஜெர்மனி தன் நாட்டுக் கீல் கால்வாய்க்குள் விடவில்லை. ஜெர்மனியோடு போரில் இல்லாத எல்லா நாட்டுக் கப்பல்களுக்கும் கால்வாய் திறந்திருக்கும் என்பது, முதல் உலகப் போருக்குப் பின் ஜெர்மனி கையெழுத்திட்ட வெர்சாய் ஒப்பந்தம். 'போலந்து-ரஷ்யப் போரில் நாங்கள் நடுநிலை நாடு, ஒப்பந்தம் அந்த உரிமையைப் பறிக்க முடியாது' என்றது ஜெர்மனி. 1923இல் நிரந்தர சர்வதேச நீதிமன்றம் (இன்றைய சர்வதேச நீதிமன்றத்தின் முன்னோடி) அதை ஏற்கவில்லை. ஒப்பந்தம் இறையாண்மையைப் பயன்படுத்துவதற்கு வரம்பு போடுகிறது, உண்மைதான். ஆனால் அப்படி வாக்குக் கொடுக்கும் உரிமையே இறையாண்மையின் ஒரு கூறு என்பது தீர்ப்பு.

அதற்காக 'எதுவும் இழப்பில்லை' என்று மட்டும் பேசிவிடாதீர்கள், மாட்டிக்கொள்வீர்கள். உள்நாட்டுச் சட்டத்தைக் காட்டி ஒப்பந்தத்தை மீற முடியாது என்கிறது ஒப்பந்தங்களுக்கான விதிகளை வகுத்த 1969 வியன்னா உடன்படிக்கையின் 27ஆவது பிரிவு. 'பிடிக்காவிட்டால் விலகலாமே' என்பதும் எப்போதும் செல்லாது. பிரிட்டனுக்கு ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு வெளியேற, ஒன்றிய ஒப்பந்தத்திலேயே 50ஆவது பிரிவு இருந்தது. ஐ.நா.வின் குடிமை, அரசியல் உரிமைகள் உடன்படிக்கையில் அப்படியொரு வாசலே இல்லை. 1997இல் வட கொரியா விலக முயன்றபோது, மற்ற எல்லா நாடுகளும் சம்மதிக்காமல் முடியாது என்று ஐ.நா. தரப்பு சொல்லிவிட்டது.