வழுக்கும் குளியலறைகள்

கேள்வி: போலீசார் அடித்தார்கள் என்று சொல்லாத கைதி உண்டா? ஜாமீனுக்காகவும் அனுதாபத்துக்காகவும் எல்லோரும் சொல்வதுதானே! அரசு தெளிவாக மறுத்த பிறகும், அதன் வார்த்தையை ஒதுக்கிவிட்டுக் குற்றவாளியின் வார்த்தையை நீங்கள் தூக்கிப் பிடிப்பது ஏன்?
– ஒரு வாசகர், விருதுநகர்

பதில்: ‘குற்றவாளி’ என்று நீங்களே எழுதிவிட்டீர்கள். நீதிமன்றத்துக்கு ஒரு வேலை மிச்சம். போகட்டும்.

கைதி பொய் சொல்ல மாட்டான் என்று நான் எங்கும் எழுதியதில்லை. சொல்வான். மாட்டிக்கொண்டவனுக்குப் பொய் சொல்ல ஆயிரம் காரணம் உண்டு. ஆனால் அடித்தவனுக்கும் காரணம் உண்டே! அவனுக்குப் போகப்போவது வேலை, பென்ஷன், சமயத்தில் சுதந்திரமும். இருவரில் யாருடைய பொய்க்கு முத்திரை குத்தி, சட்டமன்றத்தில் வாசிக்கும் வசதி இருக்கிறது என்பதுதான் எனக்குள்ள கவலை.

போலீஸ் சொல்வதை நம்பாதே என்று எனக்குக் கற்றுக்கொடுத்தது மனித உரிமைக்காரர்கள் அல்லர். இந்த நாட்டின் சட்டம். 1872ஆம் ஆண்டின் சாட்சியச் சட்டம், 25ஆம் பிரிவு: போலீஸ் அதிகாரியிடம் ஒருவர் குற்றத்தை ஒப்புக்கொண்டதாகச் சொன்னால் அதை அவருக்கு எதிரான சாட்சியமாக்க முடியாது. வெள்ளைக்காரன் எழுதிய சட்டம். ஒப்புதல் எப்படி வாங்கப்படுகிறது என்பது அவனுக்குத் தெரியும். சென்னை மாகாணத்தில் வரி வசூலிக்கவும் குற்றத்தை ஒப்புக்கொள்ள வைக்கவும் நடந்த சித்திரவதைகளைப் பற்றி 1855இல் ஒரு விசாரணைக் குழுவே அறிக்கை கொடுத்திருக்கிறது. விரல்களை நெரிக்கும் கிட்டி, ஆளை வளைத்துக் கட்டிப்போடும் அண்ணாந்தாள் என்று நம் ஊர்ப் பெயர்களுடனேயே அதில் பட்டியல் உண்டு. 2023இல் அந்தச் சாட்சியச் சட்டத்தைத் தூக்கிவிட்டு ‘பாரதிய’ என்று பெயர் வைத்துப் புதிதாக எழுதினார்கள். இந்த விதியை மட்டும் கைவிடவில்லை. 23ஆம் பிரிவாகப் பத்திரமாக இருக்கிறது. தன் போலீசைத் தானே நம்பாமல் சட்டம் வைத்திருக்கும் அரசு, வாசகரே, உங்களையும் என்னையும் நம்பச் சொல்கிறது.

‘அரசின் வார்த்தை’ என்கிறீர்களே, அதை எழுதுவது யார்? 2022 ஏப்ரலில் சென்னையில் 25 வயது இளைஞர் ஒருவர் போலீஸ் பிடியில் இறந்தார். முதலமைச்சர் ஸ்டாலின் சட்டமன்றத்தில் விளக்கம் அளித்தார்: வாந்தி, வலிப்பு, மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள், உயிர் பிரிந்திருந்தது. சில நாட்களில் பிரேதப் பரிசோதனை அறிக்கை வந்தது. உடம்பில் 13 காயங்கள். மே முதல் வாரத்தில் அதே அவையில் அதே முதலமைச்சர் எழுந்து, வழக்கு கொலை வழக்காக மாற்றப்பட்டிருப்பதாக அறிவித்தார். முதல் நாள் அவர் அறிந்தே பொய் சொன்னார் என்று நான் சொல்லவில்லை. அவர் கையில் இருந்த குறிப்பு எங்கிருந்து வந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். காவல் நிலையத்திலிருந்து உதவி ஆணையருக்கு, அங்கிருந்து ஆணையருக்கு, அங்கிருந்து உள்துறைக்கு, கடைசியில் அவைக்கு. குற்றம் சாட்டப்பட்ட போலீசாரே எழுதிய விடைத்தாள், நான்கு மேசை தாண்டினால் அரசின் வார்த்தை ஆகிவிடுகிறது.

இதில் என்னைக் குடைவது வேறொன்று. 1976 பிப்ரவரி 2ஆம் தேதி இரவு, சென்னை மத்தியச் சிறையில் மிசா கைதிகளை, அதாவது விசாரணையில்லாமல் அடைத்துவைக்க இடம்கொடுத்த சட்டத்தில் பிடிபட்டவர்களை, அடித்து நொறுக்கினார்கள். அடிபட்டவர்களில் முன்னாள் மேயர் சிட்டிபாபு இருந்தார்; அடுத்த ஆண்டு தொடக்கத்தில் இறந்துபோனார். இளைஞர் ஸ்டாலினும் இருந்தார். நெருக்கடி நிலை முடிந்து நீதிபதி இஸ்மாயில் கமிஷன் வந்து, நடந்தது உண்மைதான் என்று சொல்லும் வரை அவர்கள் கதையும் ‘கைதிகள் சொல்லும் கதை’தான். அன்று நீங்கள் இதே கேள்வியை அனுப்பியிருந்தால், பொய்யர் பட்டியலில் யார் யாரெல்லாம் இருந்திருப்பார்கள்!

கட்சிக் கணக்குப் பார்க்கிறேன் என்று நினைத்துவிடாதீர்கள். 2020 ஜூனில் சாத்தான்குளம் நடந்தபோது ஆட்சி வேறு. கடையை நேரத்துக்கு அடைக்கவில்லை என்று தகப்பனையும் மகனையும் பிடித்துக்கொண்டு போனார்கள். முதல் தகவல் அறிக்கையில் என்ன எழுதியிருந்தார்கள் தெரியுமா? இருவரும் தாங்களாகவே தரையில் உருண்டு புரண்டு ஊமைக்காயம் பட்டுக்கொண்டார்களாம். கோவில்பட்டி கிளைச் சிறைக்கு அனுப்பினார்கள். மூன்றே நாளில் மகன் செத்தார், விடிவதற்குள் தகப்பனும். மேலிருந்து வந்த அறிக்கையில் மூச்சுத்திணறல், உடல்நலக் குறைவு. காவல் நிலையத்துக்குள் சாகவில்லையே, பிறகு எப்படி லாக்கப் மரணம் ஆகும் என்று ஓர் அமைச்சர் இலக்கணம் வேறு சொன்னார்.

உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை தானாக முன்வந்து வழக்கை எடுக்காமல் இருந்திருந்தால் அதோடு முடிந்திருக்கும். விசாரிக்கப் போன மாஜிஸ்திரேட்டையே ஒரு காவலர் மரியாதையில்லாமல் ஒருமையில் பேசி, உன்னால் ஒன்றும் ஆகாது என்றார். காவல் நிலையத்தை வருவாய்த் துறையின் பொறுப்பில் ஒப்படைக்க நீதிமன்றம் உத்தரவிட வேண்டியிருந்தது. சாட்சியத்தைக் காப்பாற்ற, போலீஸ் ஸ்டேஷனுக்குத் தாசில்தார் காவல்! கேமரா இருந்தது, ஹார்டு டிஸ்கில் இடமும் இருந்தது. ஆனால் அன்றன்றைய பதிவு அன்றன்றைக்கே அழியும்படி வைத்திருந்தார்கள். உண்மை வெளியே வந்தது ஒரு பெண் தலைமைக் காவலரின் வாயால். விடிய விடிய அடித்தார்கள் என்று அவர் சொன்னார். சொன்னதற்குக் கீழே கையெழுத்துப் போட நடுங்கினார். சீருடை போட்டவருக்கே உண்மையைச் சொல்ல அவ்வளவு பயம் என்றால், லுங்கியோடு உட்கார்ந்திருப்பவன் மாஜிஸ்திரேட் முன்னால் ‘அடிக்கவில்லை ஐயா’ என்று சொன்னதை எந்தத் தராசில் நிறுப்பீர்கள்? பின்னர் சி.பி.ஐ. ஒன்பது போலீசார் மீது குற்றப்பத்திரிகை தாக்கல் செய்தது. ஊமைக்காயக் கதையை எழுதியவர்கள் யாரோ அவர்கள் நிலையத்தைச் சேர்ந்தவர்கள்தான் அத்தனை பேரும்.

சலவைக்குப் போட்ட வேட்டி கிழிந்து வந்தால் நீங்கள் யாரைக் கேட்பீர்கள்? வேட்டியையா? முழுதாக உள்ளே போன மனிதன் காயத்தோடு வெளியே வந்தால், காரணம் சொல்ல வேண்டியது வைத்திருந்தவர். இது என் கண்டுபிடிப்பு இல்லை. காவலில் இருக்கும்போது ஏற்பட்ட காயத்துக்கு அந்தக் காவலில் வைத்திருந்த அதிகாரியே காரணம் என்று நீதிமன்றம் அனுமானிக்கலாம்; இல்லையென்று அவர்தான் நிரூபிக்க வேண்டும் என்று சாட்சியச் சட்டத்தில் 114பி என ஒரு பிரிவைச் சேர்க்கச் சொன்னது சட்ட ஆணையத்தின் 113ஆம் அறிக்கை. ஆண்டு 1985. சேர்க்கவில்லை. ஐ.நா.வின் சித்திரவதை எதிர்ப்பு உடன்படிக்கையில் 1997இல் கையெழுத்துப் போட்டோம். அதற்குக் கட்டுப்படுகிறோம் என்று ஏற்புறுதி செய்யவில்லை. 2010இல் மக்களவை ஒரு சித்திரவதைத் தடுப்பு மசோதாவை நிறைவேற்றியது. மாநிலங்களவையைத் தாண்டாமல் காலாவதியானது. மடியில் கனமில்லாதவன் வழியில் இத்தனை பயப்படுவானேன்?

எங்கள் தொழிலின் லட்சணத்தையும் சொல்லிவிடுகிறேன். பிடிபட்ட ரௌடி கையில் மாவுக்கட்டோடு நிற்கும் படத்தைப் பத்திரிகைகள் போடும். ‘குளியலறையில் வழுக்கி விழுந்தார்’ என்று போலீசார் சொன்னதை அப்படியே கீழே அச்சிடும். வாசகர் சிரிப்பார், அச்சிட்டவரும் சிரித்திருப்பார். யாரும் நம்பவில்லை, யாரும் கேட்கவும் இல்லை. நீங்கள் அரசை நம்புவதாகச் சொல்கிறீர்கள்; அந்தப் படத்தைப் பார்த்து நீங்கள் சிரித்ததே இல்லையா?

2020 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் எல்லாக் காவல் நிலையங்களிலும் ஒலியும் பதிவாகும் கேமரா வேண்டும், 18 மாதம் பதிவைப் பாதுகாக்க வேண்டும் என்று உத்தரவிட்டது. எங்கெங்கே பொருத்த வேண்டும் என்ற பட்டியலில் லாக்கப், வராந்தா, வரவேற்பறை ஆகியவற்றோடு கழிப்பறைக்கு வெளியே என்றும் இருக்கிறது. அடுத்த முறை யாராவது வழுக்கி விழுந்தால், உள்ளே போனவர் நடந்து போனாரா, எப்படி வந்தார் என்பதைக் காட்டும் பதிவை அரசு வெளியிடட்டும். அன்றைக்கு உங்கள் கட்சியில் சேர்ந்துகொள்கிறேன்.