களிம்பு ஏறின காலி தோட்டா கேஸ்… புளி போட்டு தேய்க்கலாமா?

கேள்வி: சார், டெக்சஸ்ல இருக்கேன், துப்பாக்கி சுடுற ரேஞ்சுல சுட்ட 9 எம்எம் கேஸ்களை (தோட்டாவோட பித்தளை உறை) ரீலோட் பண்ண, அதாவது திரும்ப மருந்து நிரப்ப, சேர்த்து வெச்சிருக்கேன். டம்ப்ளர் மெஷின்ல (உருட்டிக் கழுவுற டிரம்) போட்டுக் கழுவி ஒரு நாள் வெயில்ல காயவெச்சு டப்பாவுல போட்டேன், பத்து நாள் கழிச்சு திறந்தா அடியில ப்ரைமர் (மருந்தைப் பத்தவைக்கிற சின்ன மூடி) இருக்கிற இடத்துல பச்சையா களிம்பு. அம்மா குத்துவிளக்குக்கு போடுற மாதிரி புளி போடலாமா, இல்ல பிராஸோ பாலிஷா?

பதில்: பிராஸோ வேண்டவே வேண்டாம், அதுல அமோனியா இருக்கு. கேஸ் பித்தளை 70 பங்கு செம்பு 30 பங்கு துத்தநாகம், அதுக்கு அமோனியா பட்டா முடி மாதிரி விரிசல் விடும். பிரிட்டிஷ் காலத்துல நம்ம நாட்டுலயே மழைக்காலத்துல குதிரை லாயம் பக்கத்துல வெச்ச தோட்டாக்கள் இப்படித்தான் தானா விரிசல் விட்டுச்சு, காரணம் அமோனியான்னு 1921ல தான் சரியா நிரூபிச்சாங்க.

புளி வேலை செய்யும், அதுலயும் அமிலம்தானே. ஆனா உப்பு சேர்க்காதீங்க, சக்கை வேற துளைக்குள்ள மாட்டிக்கும், அதுக்கு சிட்ரிக் ஆசிட் சுலபம். நாலு லிட்டர் தண்ணிக்கு கால் டீஸ்பூன், கூட பாத்திரம் கழுவுற லிக்விட் கொஞ்சம், ஸ்டீல் பின் போட்டு ஒண்ணு ரெண்டு மணி நேரம் சுத்தினா போதும். நான் முதல் தடவை ஒரு கைப்பிடி அள்ளிப் போட்டு ராத்திரி முழுக்க ஊறவிட்டேன், காலைல பார்த்தா எல்லாம் ரோஸ் கலர்! துத்தநாகம் கரைஞ்சு மேல செம்பு மட்டும் நின்னுடுச்சு.

உங்க பிரச்சனை ஆனா கழுவினதுல இல்ல, காயவெச்சதுல. சுட்ட ப்ரைமரை எடுக்காமலே கழுவியிருப்பீங்க, அதுக்குப் பின்னாடி ஒரு சொட்டு தண்ணி பதுங்கி உக்காந்துடும், வெளியில பளபளன்னு இருக்கும் உள்ள ஈரம். முதல்ல டீகேப்பிங் டை வெச்சு ப்ரைமரை தட்டி எடுத்துட்டு அப்புறம் கழுவுங்க, நல்ல தண்ணில ரெண்டு மூணு தடவை அலசுங்க, பழைய துண்டுல கொட்டி ரெண்டு பேர் ரெண்டு முனையைப் பிடிச்சு இப்படியும் அப்படியும் உருட்டினா பாதி தண்ணி போயிடும், உள்ள மாட்டின ஸ்டீல் பின்களும் கீழ விழும். அப்புறம் உணவு உலர்த்துற டீஹைட்ரேட்டர்ல ரெண்டு மூணு மணி நேரம். ஓவன்ல வெச்சா 200 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்கு மேல போகாதீங்க, சூடு ரொம்ப ஏறினா கேஸோட அடிப்பாகம் இளகிடும், அப்படிப்பட்ட கேஸை சுட்டா துப்பாக்கியும் கையும் போச்சு.

அந்த ஓவன், டீஹைட்ரேட்டர், துண்டு எதுவும் திரும்ப சமையலறைக்கு வரக்கூடாது, ப்ரைமர் கரியில ஈயம் இருக்கு. கழுவின கருப்புத் தண்ணியைத் தொட்ட கையோட குழந்தையைத் தூக்காதீங்க.

காஞ்சுதான்னு பார்க்க டிஷ்யூவை மெல்லிசா திரிச்சு ப்ரைமர் குழியில விட்டு எடுங்க, ஈரம் ஒட்டினா இன்னொரு மணி நேரம். ஏற்கெனவே களிம்பு ஏறினதை திரும்பக் கழுவுங்க, கழுவின பிறகும் குழி விழுந்த மாதிரி தெரிஞ்சா தூக்கிப் போட்டுடுங்க.

ஊருக்கு வரும்போது ஞாபகமா சூட்கேஸ் மூலையெல்லாம் ஒருதடவை தடவிப் பாருங்க. ஒரே ஒரு காலி கேஸ் கிடந்தாலும் ஏர்போர்ட்டுல அது ஆயுதச் சட்டத்துக்குள்ள போயிடும்.