பவுடர் தராசு: கேட்டவையும் சொன்னவையும்

டெக்சாஸில் என் வீட்டு கராஜில் ஒரு மூலை முழுக்க ரீலோடிங் சாமான்தான். சுட்டு முடித்த தோட்டாவின் பித்தளைக் கூட்டை எடுத்து வந்து, பழைய ப்ரைமரை (அடிபட்டதும் பவுடரைப் பற்றவைக்கும் அடிச் சிமிழ்) தட்டி எடுத்து, அளவுக்குக் கொண்டுவந்து, புது ப்ரைமர் வைத்து, பவுடர், அதாவது வெடிமருந்து, நிறுத்துப் போட்டு, மேலே புல்லட்டை, அதாவது பாய்ந்து போகும் குண்டை, அழுத்தினால் தோட்டா மறுபடி தயார். பதிமூன்று வருடப் பழக்கம். இந்த வேலையில் என்னிடம் அதிகம் கேட்கப்படுவது தராசைப் பற்றித்தான். வந்த கேள்விகளுக்கு இங்கே சேர்த்துப் பதில் சொல்கிறேன்.

முதலில் அளவு. இங்கே பவுடரைக் கிராமில் பேச மாட்டார்கள், கிரெய்னில்தான் பேசுவார்கள். 1 கிராம் என்பது 15.43 கிரெய்ன். ஒரு பவுண்டுக்கு 7000 கிரெய்ன்.

கேள்வி (டாலஸ்): அண்ணா, போன மாதம்தான் ரீலோடிங் பிரஸ் வாங்கினேன். 9 மில்லிமீட்டர் பிஸ்டல் தோட்டா மட்டும்தான் செய்யப் போகிறேன். பீம் தராசு வாங்கவா, டிஜிட்டல் வாங்கவா?

பீம் வாங்குங்கள் தம்பி, கம்பியில் எடையை நகர்த்தி நிறுக்கும் பழைய வகைத் தராசு. பழைய ஆள் என்பதால் இப்படிச் சொல்கிறேன் என்று நினைக்க வேண்டாம்.

9 மி.மீ. கூட்டுக்குள் போகும் பவுடர் பொதுவாக 4 முதல் 6 கிரெய்ன்தான். எந்தப் பவுடர், எந்த புல்லட், எவ்வளவு என்பதை உங்கள் கையேடு சொல்லும், நான் சொல்லக் கூடாது. 5 கிரெய்னில் 0.2 பிசகினால் அது 4 சதவீதம். அதே 0.2, ஒரு .308 ரைஃபிள் தோட்டாவின் நாற்பத்துச் சொச்சம் கிரெய்னில் அரை சதவீதம்கூட இல்லை. ரைஃபிளுக்குத்தான் நல்ல தராசு வேண்டும், பிஸ்டலுக்கு ஏதோ ஒன்று போதும் என்று கடையிலேயே சிலர் சொல்வார்கள். பாதுகாப்பு என்று பார்த்தால் விஷயம் நேர்மாறு.

பீம் தராசில் மின்சாரமும் இல்லை, பேட்டரியும் இல்லை. கத்தி விளிம்பு ஒரு சிறு கல்லின் மேல் உட்கார்ந்து ஆடுகிறது, அவ்வளவுதான். நுனியில் இருக்கும் செப்புத் தகடு இரண்டு காந்தங்களுக்கு நடுவே போய் வருவதால் ஆட்டம் சீக்கிரம் அடங்கும். செப்பைக் காந்தம் இழுக்காதே என்று கேட்பீர்கள். இழுக்காதுதான். ஆனால் அசையும் செப்பில் சுழல் மின்னோட்டம் உண்டாகி, அந்த அசைவையே எதிர்க்கும். தகடு நின்றுவிட்டால் எதிர்ப்பும் நின்றுவிடும், அதனால் எடையில் பிசகு வராது. ஆர்சிபிஎஸ் பெயரில் வந்த பழைய 505, 10-10 தராசுகளை அவர்களுக்குச் செய்து கொடுத்தது ஓஹாஸ். யாராவது பெரியவர் வீட்டைக் காலி செய்யும்போது கிடைத்தால் விடாதீர்கள். புதிதாக, குறைந்த விலையில் வேண்டுமென்றால் லீயின் சின்னத் தராசு இருக்கிறது. படிக்கக் கண் பழக வேண்டும், சுமார் 100 கிரெய்னுக்கு மேல் நிறுக்காது. பவுடருக்கு அது தாராளம். ரைஃபிள் புல்லட்டை நிறுத்துப் பார்க்கத்தான் முடியாது.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். 9 மி.மீ. கூட்டில் பல பவுடர்கள் பாதி இடத்தைக்கூட அடைக்காது. தவறி இரண்டு தடவை போட்டாலும் வழியாமல் உள்ளே உட்கார்ந்துவிடும். இதை எந்தத் தராசும் காட்டித் தராது. கூடுகளைப் பலகைக் குழிகளில் வரிசையாக நிறுத்தி, புல்லட் வைக்கும் முன் டார்ச் அடித்து ஒவ்வொன்றாக உள்ளே பாருங்கள்.

கேள்வி (நியூ ஜெர்சி): எச்-1பி விசாவில் இருக்கிறேன். துப்பாக்கி வாங்கவில்லை. நண்பர் ரீலோடிங் செய்வதைப் பார்த்து ஆசை வந்தது. தராசும் பவுடரும் வாங்கி வைத்துக்கொள்ளலாமா?

தராசு வாங்கலாம். பவுடரைத் தொடாதீர்கள்.

குடியேற்றமல்லாத விசாவில் இருப்பவர் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பதை அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டம் பொதுவாகத் தடை செய்கிறது. செல்லுபடியாகும் வேட்டை உரிமம் போன்ற சில விலக்குகள் உண்டு. பலருக்குத் தெரியாத இடம் இதுதான்: அந்தச் சட்டத்தில் "தோட்டா" என்ற சொல்லுக்குள் வெறும் கூடு, ப்ரைமர், புல்லட், பவுடர் எல்லாமே அடக்கம். துப்பாக்கியே இல்லை, பவுடர் டப்பா மட்டும்தான் இருக்கிறது என்று சொல்லித் தப்ப முடியாது. விலக்கு உங்களுக்குப் பொருந்துமா என்பதை ஒரு வக்கீலிடம் காசு கொடுத்துக் கேளுங்கள், என்னிடம் வேண்டாம். கிரீன் கார்டு வந்த பிறகு இந்தத் தடை இல்லை, அந்தந்த மாநிலச் சட்டம் தனி. நான் கிரீன் கார்டு வரும்வரை தள்ளியே இருந்தேன்.

கேள்வி (மதுரை): ரைஃபிள் கிளப்பில் சேர்ந்திருக்கிறேன் சார். இங்கே வீட்டில் இதைச் செய்யலாமா?

செய்யாதீர்கள். 1959 ஆயுதச் சட்டப்படி உரிமம் இல்லாமல் தோட்டா தயாரிப்பது குற்றம். கிளப் வழியாகக் கிடைப்பதைச் சுடுங்கள். ஏர் ரைஃபிள் பெல்லட்டுகளை நிறுத்து ரகம் பிரிப்பது என்றால் அது வேறு விஷயம். அதற்கு இங்கே தராசைப் பற்றிச் சொல்வது அப்படியே உதவும்.

கேள்வி (ஹூஸ்டன்): அப்பா கோயம்புத்தூரில் நகைக்கடை வைத்திருந்தார். அவர் தங்கம் நிறுத்த டிஜிட்டல் தராசு என்னிடம் இருக்கிறது. 0.01 கிராம் வரை காட்டும். தங்கத்துக்கே போதுமான தராசு பவுடருக்குப் போதாதா?

தங்கத்துக்குப் போதும், இதற்குப் போதாது. 0.01 கிராம் என்பது 0.15 கிரெய்ன். அதாவது உங்கள் தராசு 0.15 கிரெய்ன் படிகளில்தான் ஏறி இறங்கும். நமக்கு வேண்டியது 0.1. நாலரை கிரெய்ன் பவுடரில் அதன் ஒரு படியே 3 சதவீதத்துக்கு மேல் போய்விடுகிறது. ஒரு சவரன் 8 கிராமில் அதே ஒரு படி எண்ணூறில் ஒரு பங்கு, கடைக்காரர் கவலைப்பட மாட்டார். நாமோ ஒவ்வொரு தடவையும் இரண்டு மூன்று குன்றிமணி எடைதான் நிறுக்கிறோம்.

ஆனால் உங்கள் கேள்வி எனக்குப் பிடித்திருக்கிறது, ஏனென்றால் இரண்டும் உறவுதான். நாம் சவரன் என்று சொல்லும் அந்த ஆங்கிலேயத் தங்கக் காசின் எடையையே 123.274 கிரெய்ன் என்றுதான் வகுத்திருந்தார்கள். ஊரில் அதை 8 கிராம் என்று முழுசாக்கிக்கொண்டோம்.

நகைத் தராசுகளில் இன்னொரு ஆபத்து அந்த அலகுப் பொத்தான். கிராம், காரட், கிரெய்ன் என்று மாறிக்கொண்டே போகும். காரட்டில் வைத்துவிட்டு கிரெய்ன் என்று நினைத்தால் மூன்று மடங்கு பவுடர் போய்விடும், ஒரு காரட் 3.09 கிரெய்ன். பொத்தானைத் தெரியாமல் தொட்டு மாற்றிவிட முடிகிற தராசை ரீலோடிங் மேசையில் வைக்கவே வேண்டாம். அப்பாவின் தராசை அப்பாவின் ஞாபகமாக வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: சமையலறைத் தராசு?

வேண்டாம். 1 கிராம் படி என்றால் 15 கிரெய்ன்.

கேள்வி (டொராண்டோ பக்கம்): அண்ணை, என்ர டிஜிட்டல் தராசு ஒரு நிலையில் நிக்குதில்லை. பேஸ்மென்டில் வைச்சுத்தான் செய்யிறன். பூச்சியத்தில் தொடங்கி, பத்து நிமிஷத்தில் 0.2 காட்டுது. தராசு பழுதா?

பெரும்பாலும் தராசில் கோளாறு இருக்காது, இருக்கிற இடம்தான் கோளாறு. நூறு டாலர் பக்கம் கிடைக்கும் டிஜிட்டல் தராசுகளுக்குள் இருப்பது ஒரு சின்ன உலோகத் துண்டு. எடை வைத்தால் அது மயிரிழை அளவுக்கு வளையும், வளைவை மின்தடை மாற்றமாக அளப்பார்கள். குளிர், சூடு இரண்டுமே அதை மாற்றும். பனிக்காலத்தில் பேஸ்மென்டில் ஹீட்டரைப் போட்டுவிட்டு உடனே உட்கார்ந்தால் தராசும் உங்களோடு சேர்ந்துதான் சூடேறும். அரை மணி நேரம் முன்பே தராசைப் போட்டு விடுங்கள். ஹீட்டர் காற்று நேராகப் படக் கூடாது. கைப்பேசி அடுத்த மேசைக்குப் போகட்டும். ட்யூப்லைட் பக்கத்தில் சில தராசுகள் தள்ளாடும், விளக்கை அணைத்துப் பாருங்கள்.

குளிர்காலத்து வறண்ட காற்றில் நிலைமின்னும் சேரும். பவுடர் துகள்கள் பிளாஸ்டிக் புனலில் ஒட்டிக்கொண்டு வராமல் நின்றால் அதுதான். துணி உலர்த்தியில் போடும் தாளால் புனலையும் தட்டையும் ஒரு துடைப்பு துடையுங்கள்.

இனி நான் எல்லாருக்கும் சொல்லும் ஒரு வழக்கம். தட்டை வைத்துப் பூச்சியமாக்கிய பிறகு தட்டைத் தூக்கினால் தராசு கழித்தல் குறியோடு ஒரு எண் காட்டும், தட்டின் எடை. உதாரணத்துக்கு -150.4 என்று வையுங்கள். அதை ஒரு காகிதத்தில் பெரிதாக எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். ஒவ்வொரு முறை பவுடரைக் கூட்டில் கொட்டத் தட்டைத் தூக்கும்போதும் கண் அங்கே போகட்டும். -150.2 என்று வந்தால் பூச்சியம் நகர்ந்துவிட்டது, நிறுத்துங்கள். காசு செலவில்லாத சோதனை, ஒவ்வொரு தோட்டாவுக்கும் நடக்கும்.

கேள்வி (அட்லாண்டா): சொட்டுச் சொட்டாகப் பவுடர் விடும் ட்ரிக்லர் வைத்திருக்கிறேன். மெதுவாக விட்டால் எண் மாறவே மாட்டேன் என்கிறது. பிறகு திடீரென்று 0.3 தாவுகிறது.

மலிவு டிஜிட்டல்களின் குணம் அது. பூச்சியம் நகராமல் இருக்கவும் எண் துள்ளாமல் இருக்கவும், மெதுவாக வரும் சின்ன மாற்றங்களைக் கண்டுகொள்ளாதபடி உள்ளே எழுதி வைத்திருப்பார்கள். நீங்கள் மெதுவாக விடும் பவுடரையும் அது அப்படியே எடுத்துக்கொள்கிறது. இலக்குக்கு அருகே வந்ததும் தட்டை ஒரு முறை தூக்கி வையுங்கள், உண்மையான எடை வந்துவிடும். இந்தத் தொல்லை பீம் தராசில் இல்லை. நாலு துகள் விழுந்தாலும் முள் லேசாக எழும்பும்.

கேள்வி (அரிசோனா): ஆயிரம் கெஜம் சுடுகிறேன். 0.1 போதாது, 0.02 கிரெய்ன் காட்டும் தராசு வேண்டும் என்கிறார்கள். பல நூறு டாலர் சொல்கிறார்கள். உண்மையா, பகட்டா?

உங்களுக்கு உண்மை. நூறு கெஜத்தில் காகிதத்தைச் சுடும் எனக்குப் பகட்டு.

ஏ அண்ட் டி நிறுவனத்தின் எஃப்எக்ஸ்-120ஐ மாதிரித் தராசுகள் சோதனைச்சாலைக்காகச் செய்தவை. உள்ளே உலோகம் வளைவதில்லை. எடையை மின்காந்த விசையால் தாங்கி நிறுத்தி, அதற்கு எவ்வளவு மின்னோட்டம் ஆனது என்று அளக்கிறார்கள். அதனால் வேகமும் உண்டு, நிலையும் உண்டு. 0.001 கிராம் படி, அதாவது ஏறக்குறைய 0.02 கிரெய்ன். வார்கெட் மாதிரிக் குச்சிப் பவுடரில் ஒரு துகளே சுமார் 0.02தான். அதற்குக் கீழே போக வேண்டுமென்றால் துகளைக் கத்தியால் நறுக்க வேண்டும், அப்படி நறுக்குகிறவர்களும் இருக்கிறார்கள், அவர்களிடம் நான் வாதாடுவதில்லை.

முப்பது டாலருக்கு 0.001 கிராம் என்று போட்டு விற்பதைப் பார்த்து ஏமாற வேண்டாம். திரையில் மூன்று தசமம் காட்டுவதற்குச் செலவே இல்லை. அந்த மூன்றாவது இலக்கம் உண்மையாக இருப்பதற்குத்தான் செலவு.

கேள்வி (டாலஸ், வேறொருவர்): தானே நிறுத்துக் கொட்டும் இயந்திரம் பற்றி?

சார்ஜ்மாஸ்டர், ஆட்டோ சார்ஜ் போன்றவை நல்ல வேலைக்காரர்கள். உள்ளே இருப்பது அதே வளையும் உலோகத் தராசுதான், ±0.1. ரைஃபிளுக்கு அருமை. முதல் ஐந்தையும், அதன் பிறகு பத்துக்கு ஒன்றையும் பீமில் வைத்துப் பார்ப்பேன். வேலை முடிந்ததும் குழாயில் மிச்சமிருக்கும் பவுடரை அதன் சொந்த டப்பாவுக்கே திருப்பிவிடுங்கள். நாளைக்கு அது எந்தப் பவுடர் என்ற சந்தேகம் வந்தால் தூக்கிப் போடுவதைத் தவிர வழியில்லை.

கேள்வி (ஆஸ்டின்): என் கணவருக்குப் பிறந்தநாள் வருகிறது. இந்த மேசைக்கு ஏதாவது வாங்கித் தரலாம் என்று பார்க்கிறேன். தராசு ஏற்கெனவே இரண்டு வைத்திருக்கிறார்.

மூன்றாவது வேண்டாம் அம்மா. சோதனை எடைக்கற்கள் ஒரு பெட்டி வாங்கிக் கொடுங்கள். பாதிப் பேர் அதை மட்டும் வாங்குவதே இல்லை. தராசோடு வரும் 50 கிராம் எடையை வைத்துச் சரிபார்ப்பார்கள். அது 770 கிரெய்னுக்கு மேல். அங்கே சரியாகக் காட்டும் தராசு 5 கிரெய்னிலும் சரியாகக் காட்டும் என்று எந்த உத்தரவாதமும் இல்லை. அவர் போடும் அளவுக்குப் பக்கத்தில் வரும் எடைகள் இருக்கிற பெட்டியாகப் பாருங்கள், கையால் தொடாமல் எடுக்க இடுக்கியோடு.

இங்கத்து ஐந்து சென்ட் நிக்கல் நாணயம் 5 கிராம், 77.16 கிரெய்ன் என்று சிலர் அதை வைத்துப் பார்ப்பார்கள். நாணயத்துக்கு நாணயம் எடை கொஞ்சம் மாறும் என்பதால் தராசைச் சரிசெய்ய அது ஆகாது. ஒரே நாணயத்தை எடுத்து வைத்து, நேற்றுக் காட்டியதையே இன்றும் காட்டுகிறதா என்று பார்க்கலாம்.

கேள்வி: பீம் தராசின் கத்தி விளிம்பில் எண்ணெய் விடலாமா?

கூடவே கூடாது. தூசி ஒட்டும். சுத்தமான பிரஷ்ஷால் தட்டினால் போதும்.

அப்படித் துடைக்கும்போது நடந்ததையும் சொல்கிறேன். என் தராசு ஒன்றில் பெரிய நகர் எடைக்குப் பள்ளம் ஐந்து கிரெய்னுக்கு ஒன்று. துடைத்தபோது அது ஒரு பள்ளம் தள்ளி உட்கார்ந்ததை நான் கவனிக்கவில்லை. ரைஃபிள் தோட்டா இருபது செய்தேன். இருபத்தோராவது கூட்டில் பவுடர் கழுத்து வரை நிற்பதாகக் கண்ணில் பட்டது. ஐந்து கிரெய்ன் அதிகம். சுட்டிருந்தால் இன்று விரல் எண்ணிக் கேள்விக்குப் பதில் எழுதிக்கொண்டிருப்பேன். அன்றிலிருந்து தொடங்கும் முன் ஒரு சோதனை எடை, முடித்த பின் அதே எடை.

கேள்வி (ஹூஸ்டன், வேறொருவர்): பீமுக்கும் டிஜிட்டலுக்கும் 0.3 வித்தியாசம் காட்டுகிறது. எதை நம்ப? 9 மி.மீ. ஐம்பது ஏற்கெனவே செய்து முடித்துவிட்டேன். முழுத் தோட்டாவை நிறுத்துப் பார்த்து, கனமானதை மட்டும் ஒதுக்கினால் போதுமா?

எடைக்கல் சொல்லும்வரை இரண்டையும் நம்பாதீர்கள். 5 கிரெய்ன் அருகில் ஒரு கல்லை இரண்டிலும் வையுங்கள். பீம் தப்பென்றால் அடியில் இருக்கும் திருகால் மட்டம் பார்த்து, தட்டைத் துடைத்து, முள்ளுக்கு நேராகக் கண்ணை வைத்துப் படியுங்கள். மேலிருந்து பார்த்தால் கோடு விலகித் தெரியும். டிஜிட்டல் தப்பென்றால் டொராண்டோக்காரருக்குச் சொன்னதைச் செய்யுங்கள்.

முழுத் தோட்டாவை நிறுத்துப் பயனில்லை. கூட்டுக்குக் கூடு, அதிலும் வேறு வேறு கம்பெனிக் கூடுகள் கலந்திருந்தால், சில கிரெய்ன் வித்தியாசம் இருக்கும். புல்லட்டிலும் கொஞ்சம் இருக்கும். அதற்குள் 0.3 எங்கே தெரியப் போகிறது? சுத்தியல் மாதிரி ஒரு புல்லர் கடையில் கிடைக்கும். ஐம்பதையும் ஒவ்வொன்றாகத் தட்டிப் பிரியுங்கள், ஒரு சாயங்காலம் போகும். புல்லட்டும் கூடும் மறுபடி உதவும்.