பழைய டிஸ்க், புது வீடு: டர்பனிலிருந்து கேள்வி பதில்

தென்னாப்பிரிக்காவில் டர்பன் நகரத்து டேட்டா சென்டர் ஒன்றில் 16 வருடம் சர்வர் பார்த்தவன் நான். பழுதான டிஸ்கைக் கழற்றி வேறு மாட்டியே பாதி வயது போயிற்று. இப்போது கோயிலுக்குப் போனாலும் கல்யாணத்துக்குப் போனாலும் யாராவது ஒருவர் ஓரமாக அழைத்து, "12 டெராபைட் ரீஃபர்பிஷ்ட் டிஸ்க் புது விலையில் பாதிக்குக் கிடைக்கிறது, வாங்கலாமா?" என்கிறார். இந்த இரண்டு மாதத்தில் வந்த கேள்விகளையும் சொன்ன பதில்களையும் இங்கே சேர்த்திருக்கிறேன்.

சாட்ஸ்வர்த்திலிருந்து ஓர் அக்கா: ரீஃபர்பிஷ்ட், ரீசர்டிஃபைட், யூஸ்ட் என்று மூன்று விதமாகப் போடுகிறார்களே, எல்லாம் ஒன்றுதானா தம்பி?

ஒன்றில்லை அக்கா. யூஸ்ட் என்றால் கழற்றினார்கள், விற்கிறார்கள், அவ்வளவுதான். ரீசர்டிஃபைட் என்றால் பெரும்பாலும் டிஸ்க் செய்த கம்பெனியே திரும்ப வாங்கிச் சோதித்து, புது லேபிள் ஒட்டி விடுவது. நடுவில் இருக்கிற ரீஃபர்பிஷ்ட் என்ற சொல்லை நம்பித்தான் பலர் ஏமாறுகிறார்கள். காரை ரீஃபர்பிஷ் செய்தால் பிஸ்டன் மாற்றுவார்கள், போனை என்றால் பேட்டரி மாற்றுவார்கள். ஹார்ட் டிஸ்கில் அப்படி எதையும் மாற்ற முடியாது. மூடியைத் திறந்தால் ஒரு தூசி போதும், கதை முடிந்தது. பெரிய கொள்ளளவு டிஸ்குகளில் உள்ளே காற்றுக்குப் பதில் ஹீலியம் அடைத்து மூடியையே வெல்டிங் செய்திருப்பார்கள். ஆகவே ரீஃபர்பிஷ்ட் என்றால் அழித்தார்கள், சோதித்தார்கள், துடைத்தார்கள் என்று அர்த்தம். எவ்வளவு ஒழுங்காகச் சோதித்தார்கள் என்பது விற்பவருடைய மனசாட்சி.

இங்கே நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2008இன் 68ஆம் எண் சட்டம், 25ஆம் பிரிவில் ஒரு விஷயம் சொல்கிறது. மறுசீரமைத்த பொருளை விற்கிற வியாபாரி அதைப் பளிச்சென்று தெரியும்படி எழுதி ஒட்டியே ஆகவேண்டும். கடையில் அந்த அறிவிப்பு இருக்கிறதா என்று பாருங்கள். அதை மறைக்கிற கடையில் வேறு எதையும் வாங்காதீர்கள்.

டர்பன் பக்கம் பீனிக்ஸிலிருந்து ஒரு தம்பி: அண்ணா, ஒரு டிஸ்க் பார்த்தேன், 40,000 மணி நேரம் ஓடியிருக்கிறது. பயமாக இருக்கிறது.

வருடத்துக்கு 8,760 மணி. ஆக, நாலரை வருடத்துக்குச் சற்று மேல். டேட்டா சென்டர் டிஸ்குகளுக்கு வாரன்டி பெரும்பாலும் 5 வருடம். அது முடியப்போகிறது என்றால் நல்ல டிஸ்கையும் மொத்தமாகக் கழற்றிவிடுவோம். நானே தள்ளுவண்டி தள்ளுவண்டியாக அனுப்பியிருக்கிறேன். அங்கே ஏசி ஓடும், மின்சாரம் போகாது, டிஸ்க் ஒருபோதும் நிற்காது. உங்கள் வீட்டில் பகலில் ஏற்றி இரவில் அணைத்த இரண்டு வருட டிஸ்கைவிட அது சொகுசாக வாழ்ந்திருக்கும்.

மணிக்கணக்கை விடுங்கள், டிஸ்க் தன் உடல்நிலையைத் தானே குறித்துவைக்கிற ஸ்மார்ட் பதிவில் 5, 187, 197, 198 ஆகிய நான்கு எண்களைப் பாருங்கள். 5 என்பது கெட்டுப்போய் மாற்றிய செக்டார்கள், அதாவது தகவல் எழுதுகிற சிறு கட்டங்கள். 187 திருத்த முடியாமல் போன பிழைகள். 197 படிக்க முடியாமல் காத்திருப்பவை. 198 சோதனையில் படிக்க முடியாதவை. நான்கும் பூஜ்யமாக இருக்கவேண்டும். 5 மட்டும் ஒன்றிரண்டு இருந்து பல மாதம் ஏறாமல் நிற்கிற டிஸ்கும் உண்டு. ஆனால் காசு கொடுத்து வாங்கும்போது அந்தத் தயவு எதற்கு? 199 ஏறினால் டிஸ்கைத் திட்டாதீர்கள், முதலில் கேபிளை மாற்றுங்கள்.

இதில் ஒரு சின்னப் பொறி இருக்கிறது. இந்தப் பதிவைக் காட்டும் கிறிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற மென்பொருள் மூல எண்களைப் பெரும்பாலும் பதினாறடிமானத்தில் (ஹெக்ஸ்) காட்டும். அங்கே 10 என்று தெரிந்தால் அது 16. செட்டிங்கில் பத்தடிமானத்துக்கு மாற்றிக்கொள்ளுங்கள். அப்புறம், சீகேட் கம்பெனி டிஸ்கில் 1, 7 இரண்டிலும் கோடிக்கணக்கில் எண் தெரியும். அது அவர்கள் எண்ணுகிற விதம். அதைப் பார்த்து இரவு 11 மணிக்கு எனக்குப் போன் செய்தவர்கள் நான்கு பேர்.

அதே தம்பி: அந்த எண்களையே அழித்துவிட்டு விற்றால்?

விற்கிறார்கள். 2025 தொடக்கத்தில் ஜெர்மனியில் இது பெரிய செய்தியாயிற்று. சீகேட் எக்சோஸ் டிஸ்குகள் புதிது என்று விற்கப்பட்டன, ஸ்மார்ட் பதிவில் சில மணி நேரம்தான் இருந்தது. ஆனால் சீகேட் டிஸ்கில் ஃபார்ம் என்று இன்னொரு பதிவு உண்டு. அதைத் திறந்தால் ஆயிரக்கணக்கான மணி நேரம் ஓடியது தெரிந்தது. 2021இல் சியா என்ற கிரிப்டோ நாணயத்துக்காக டிஸ்குகளை வாங்கிக் குவித்தார்களே, அந்தச் சரக்காக இருக்கலாம் என்று பலரும் சந்தேகப்பட்டார்கள்.

நானும் ஏமாந்திருக்கிறேன். இணையத்தில் ஒருவரிடம் ஒரு ஜோடி வாங்கினேன். சீல் உடையாத பை, ஸ்மார்ட்டில் 12 மணி நேரம். ஃபார்ம் பதிவைப் பார்த்தால் 31,000க்கு மேல். 16 வருடம் டிஸ்க் பார்த்தவனுக்கே இந்தக் கதி. நல்ல வேளை, அன்றைக்கே பார்த்தேன், பணம் திரும்ப வந்தது. ஸ்மார்ட்மான்டூல்ஸ் என்ற மென்பொருளின் 7.4 பதிப்பிலிருந்து இந்தப் பதிவைப் படிக்கலாம். இரண்டு மணிக்கணக்கும் ஏறக்குறைய ஒத்துப்போகவேண்டும். ஃபார்மையும் திருத்தக் கற்றுக்கொண்டவர்கள் வந்துவிட்டதாகச் செய்தி. ஆகவே லேபிளில் உற்பத்தித் தேதியையும் பாருங்கள். 2019இல் செய்த டிஸ்க் மூன்று மணி நேரம்தான் ஓடியது என்றால், அது இத்தனை வருடம் எங்கே தூங்கியது என்று கேளுங்கள்.

அம்லாங்காவிலிருந்து ஒருவர்: வந்தவுடன் எப்படிச் சோதிக்கவேண்டும் சார்? திருப்பித் தர எத்தனை நாள்?

இதற்குத்தான் நிறைய எழுதவேண்டும். இணையத்தில் கடையிடம் வாங்கினால், மின்னணுப் பரிவர்த்தனைச் சட்டம், 2002இன் 25ஆம் எண், 44ஆம் பிரிவு உங்களுக்கு 7 நாள் தருகிறது. பொருள் கைக்கு வந்த நாளிலிருந்து 7 நாளுக்குள் காரணமே சொல்லாமல் திருப்பலாம், அனுப்புகிற செலவு மட்டும் உங்களுடையது. பழுது என்றால் 2008 சட்டத்தின் 56ஆம் பிரிவுப்படி 6 மாதம் வரை திருப்பலாம். மாற்றித் தருவதா, பழுது பார்ப்பதா, பணமா என்பதை நீங்கள் தேர்ந்தெடுக்கலாம். ஒரு நிபந்தனை: இன்ன குறை இருக்கிறது என்று வியாபாரி முன்பே வெளிப்படையாகச் சொல்லி, அதை ஏற்று நீங்கள் வாங்கியிருந்தால், அந்தக் குறையைக் காட்டி வாதாட முடியாது. தனி மனிதர் ஒருவர் தன் வீட்டு டிஸ்கை விற்றால் இந்தச் சட்டம் உதவாது. வாட்ஸ்அப் குழுவில் வருகிற மலிவு விலைக்குக் காரணம் அதுதான்.

அந்த 7 நாளுக்குள் வேலையை முடிக்கவேண்டும். எல்லோரும் சொல்கிற பேட்பிளாக்ஸ் என்ற லினக்ஸ் சோதனை நிரல் நான்கு விதமாக எழுதி, நான்கு முறை படிக்கும். 12 டெராபைட்டை ஒருமுறை முழுக்க எழுத, வினாடிக்கு 180 மெகாபைட் வேகத்தில், பதினெட்டரை மணி ஆகும். எட்டால் பெருக்கினால் ஆறு நாளைத் தாண்டும். ஏழாவது நாள் மாலை கொரியர் அலுவலகத்தின் முன் நிற்பீர்கள். அதனால் நான் செய்வது: முதலில் பதிவுகளைப் படம் எடுத்து வைப்பேன். பிறகு ஒரே ஒரு முறை முழுக்க எழுதி, முழுக்கப் படிப்பேன், 37 மணி. அதன்பின் டிஸ்கின் நீண்ட சுயசோதனை, இன்னொரு 20 மணி. மூன்று நாளுக்குள் முடிந்துவிடும். கடைசியில் பழைய நான்கு எண்களைப் படத்தோடு ஒப்பிட்டுப் பார்ப்பேன். ஒன்று கூடினாலும் திருப்பிவிடுவேன், பேரம் பேசுவதில்லை.

18 டெராபைட் வாங்கினால் பேட்பிளாக்ஸில் பிளாக் அளவை 8192 என்று கொடுங்கள். 4096இல் அதன் எண்ணிக்கைக்கே இடம் போதாது, ஓட மறுத்துவிடும். அதற்காக டிஸ்க் கெட்டது என்று எண்ணாதீர்கள். ஜூலை மாதக் குளிரில் கொரியர் பெட்டியைத் திறந்தவுடன் மாட்டவும் வேண்டாம். டர்பன் ஈரக் காற்றில் குளிர்ந்த உலோகம் வியர்க்கும், சில மணி நேரம் அறையின் சூட்டுக்கு வரவிடுங்கள்.

டோங்காட்டிலிருந்து: மாட்டினேன், சுற்றவே இல்லை. செத்த டிஸ்கா?

அநேகமாக உயிரோடுதான் இருக்கிறது. டேட்டா சென்டர் டிஸ்குகள் பலவற்றில் மூன்றாவது மின் ஊசியில் 3.3 வோல்ட் வந்தால் "அணைந்திரு" என்று அர்த்தம். பழைய பவர் சப்ளை அந்த வோல்ட்டைக் கொடுத்துக்கொண்டே இருக்கும், டிஸ்கும் பணிவாகத் தூங்கும். அந்த ஊசியை கேப்டன் (Kapton) என்ற மின்காப்பு டேப்பால் மூடினால் எழுந்துவிடும். மோலக்ஸ் என்ற பழைய நான்கு ஊசி மின் பிளக்கிலிருந்து, இப்போதைய டிஸ்குகளின் சாட்டா பிளக்குக்கு மாற்றுகிற கேபிளும் போடலாம். ஆனால் தலைப்பகுதியைப் பிளாஸ்டிக் ஊற்றி வார்த்த மலிவான வகை வேண்டாம், தீப்பிடித்தவை உண்டு.

ஜோகன்னஸ்பர்க், லெனேசியாவிலிருந்து: எஸ்ஏஎஸ் டிஸ்க் இன்னும் மலிவாக இருக்கிறதே மாமா?

எஸ்ஏஎஸ் என்பது சர்வர்களுக்கான இணைப்பு வகை. அதற்குத் தனி கார்டு வேண்டும், சாட்டா பிளக்கில் ஏறாது. சிலவற்றில் செக்டார் 520 பைட்டாக இருக்கும், 512க்கு மறு ஃபார்மேட் செய்யவேண்டும், அது ஒரு நாள் வேலை. உனக்கு இதில் விளையாட ஆசை இருந்தால் வாங்கு. வீட்டில் நிம்மதியாகப் படம் பார்க்கத்தான் என்றால் வேண்டாம். கேட்கும்போதே, எஸ்எம்ஆர் வகையா சிஎம்ஆர் வகையா என்றும் கேட்டுக்கொள். எஸ்எம்ஆரில் தடங்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி இருக்கும், திருப்பி எழுத மெதுவாகும்; சிஎம்ஆரில் தனித்தனியாக இருக்கும். சிஎம்ஆர் மட்டும் வாங்கு.

அதே ஊரிலிருந்து வேறொருவர்: லோட் ஷெடிங்கில் டிஸ்க் தாங்குமா?

2023இல் பட்ட பாடு எல்லோருக்கும் நினைவிருக்கும். 2024 மார்ச் இறுதிக்குப் பிறகு பெருமளவு அடங்கிவிட்டது, ஆனாலும் கேபிள் திருட்டும் துணைமின் நிலையப் பழுதும் நம்மை விடவில்லை. மின்சாரம் போனவுடன் டிஸ்க் தன் சுழற்சியிலிருந்தே கொஞ்சம் மின்சாரம் எடுத்து, படிக்கும் தலையைப் பத்திரமான இடத்தில் நிறுத்திக்கொள்ளும். அழகான ஏற்பாடு. மின்சாரம் போவதற்காக நான் பயப்படவில்லை, அது குதித்துக்கொண்டு திரும்பி வருகிறதே, அதற்குத்தான் பயம். எழுதிக்கொண்டிருந்த கோப்பு பாதியில் நிற்பது இன்னொரு தொல்லை. ஆகவே யூபிஎஸ் வாங்கி, அது சொன்னால் நாஸ் (டிஸ்குகள் மாட்டிய வீட்டு நெட்வொர்க் சேமிப்புப் பெட்டி) தானாக அணையும்படி யூஎஸ்பி கேபிளையும் இணைத்துவிடுங்கள். நூற்றுக்குத் தொண்ணூறு வீட்டில் அந்தக் கேபிள் பெட்டியிலேயே கிடக்கிறது. ஒரு டிஸ்க் சுற்றத் தொடங்கும்போது 25 வாட் வரை இழுக்கும், நான்கு என்றால் 100. ஓடும்போது நான்கும் சேர்ந்து 30 வாட் போல, மாதம் 21 அல்லது 22 யூனிட். ப்ரீபெய்ட் மீட்டர்காரர்கள் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

பீட்டர்மாரிட்ஸ்பர்க் தம்பி: அமெரிக்காவிலிருந்து வரவழைத்தால் மலிவா?

விலைச்சீட்டில் மலிவு. அதன்மேல் கொரியர், 15 சதவீத வாட், ஏஜென்ட் கட்டணம். பயன்படுத்திய பொருளை இறக்குமதி செய்ய ஐடாக் என்ற அரசு வர்த்தக ஆணையத்தின் அனுமதியும் வேண்டும் என்பது இங்குள்ள விதி. எல்லாம் தாண்டி வந்த டிஸ்க் பழுதானால் திருப்பி அனுப்புகிற செலவில் இங்கே ஒன்று வாங்கிவிடலாம். உள்ளூரில் வாங்கு.

ஸ்டேங்கரிலிருந்து: இரவில் ஐந்து வினாடிக்கு ஒருமுறை டக், டக் என்கிறது.

ஹீலியம் அல்ட்ராஸ்டார் வகையில் அது இயல்பு, தலை ஒரே இடத்தில் நிற்காமல் நகர்ந்துகொள்கிறது. படுக்கையறையிலிருந்து வெளியே வையுங்கள்.

பெயர் வேண்டாம் என்றவர்: வாங்கிய டிஸ்கில் யாரோ ஒருவருடைய குடும்பப் படங்கள் அப்படியே இருக்கின்றன.

அழிக்கவே இல்லை என்றால் சோதிக்கவும் இல்லை. முழுக்க எழுதி அழித்துவிடுங்கள், பார்க்காதீர்கள், யாருக்கும் அனுப்பாதீர்கள். அந்த வியாபாரியை மறந்துவிடுங்கள். உங்கள் பழைய டிஸ்கை விற்கும்போது இது நினைவிருக்கட்டும்.

வெருலத்திலிருந்து ஒரு பெரியவர்: தம்பி, என் தாத்தாவின் அப்பா நேட்டாலுக்கு வந்த காலத்துக் காகிதங்கள், ஒப்பந்தக் கூலியாக வந்த அவருக்கு அரசாங்கம் கொடுத்த காலனி எண் போட்ட சீட்டு, 1,000 பக்கம் போல இருக்கின்றன. கூடவே 40 வீடியோ கேசட்: கல்யாணம், காவடி, கோயில் தேர். 12 டெராபைட் நான்கு வாங்கி, எல்லாவற்றையும் ஒன்றாக இணைக்கிற ரெய்ட் போடச் சொல்கிறான் பேரன்.

ஐயா, 1860 நவம்பர் 16இல் ட்ரூரோ கப்பல் முதல் ஒப்பந்தக் கூலிகளோடு மதராஸிலிருந்து டர்பனுக்கு வந்து நின்றதிலிருந்து நம் வீடுகளில் தப்பிய காகிதம் கொஞ்சம்தான். எனவே உங்கள் கேள்விக்குக் கணக்குப் போட்டே சொல்கிறேன். ஏ4 பக்கம் அங்குலத்துக்கு 600 புள்ளியில் வண்ணத்தில், சுருக்காமல் ஸ்கேன் செய்தால் 104 மெகாபைட். ஆயிரம் பக்கத்துக்கு 104 கிகாபைட். கேசட்டை டிஜிட்டல் வீடியோ (DV) வடிவில் மாற்றினால் மணிக்கு 13 கிகாபைட். கேசட்டுக்கு 3 மணி என்றே வைத்தாலும் 1,560 கிகாபைட். எல்லாம் சேர்த்து இரண்டு டெராபைட்டைத் தொடவில்லை. பேரன் தன் சினிமாவையும் உங்கள் கணக்கில் ஏற்றப் பார்க்கிறான்.

4 டெராபைட்டில் மூன்று வாங்குங்கள், அவற்றில் இரண்டு பழையதாக இருக்கலாம், ஒன்றாவது புதிதாக இருக்கட்டும். மூன்றையும் ஒரே கடையில் ஒரே நாளில் வாங்கவேண்டாம், ஒரே தொகுதியில் வந்தவை ஒரே சமயத்தில் போகக்கூடும். ரெய்ட் எதுவும் வேண்டாம். ஒரு டிஸ்க் செத்தால் ரெய்ட் உதவும், தவறுதலாக அழித்ததையும் திருடன் தூக்கிப்போனதையும் திருப்பித் தராது. ஒன்று கணினியில், ஒன்று உங்கள் அலமாரியில். மூன்றாவது மகள் வீட்டில், வெருலத்திலேயே அல்ல, வேறு ஊரில். 2022 ஏப்ரல் வெள்ளத்தில் பக்கத்துப் பக்கத்து வீடுகள் சேர்ந்தே மூழ்கின. புரட்டாசி தொடங்கும்போது ஒருமுறை, தைப்பூசத்துக்கு ஒருமுறை மகள் வீட்டுக்குப் போவீர்கள் அல்லவா, அப்போது அலமாரி டிஸ்கை அங்கே கொடுத்துவிட்டு அங்கிருப்பதை எடுத்து வந்து, சுயசோதனை ஓட்டி, புதியதை ஏற்றிக்கொள்ளுங்கள். எந்த டிஸ்கில் என்ன இருக்கிறது, கடைசியாக எந்தத் தேதியில் பார்த்தது என்று பென்சிலால் ஒரு தாளில் எழுதிப் பெட்டிக்குள் போடுங்கள். காகிதங்களை மட்டும் ஸ்கேன் செய்த பிறகும் தூக்கி எறியாதீர்கள்.